ஹெதர் எங்கள் வீட்டைப் பற்றிப் பேசிய பேச்சு

தூசி கருகும் மணம் என்று ஒன்று இருக்கிறது. வருடக்கணக்காகப் போடாமல் கிடந்த மின்சார ஹீட்டரைத் திடீரென்று போட்டால், கம்பி சிவப்பதற்கு முன்பே அந்த மணம் வந்துவிடும். முதலில் தலைமயிர் பொசுங்கியதுபோலவும் பிறகு இஸ்திரிக்கைப் பெட்டி துணியைச் சுட்டதுபோலவும் இருக்கும். எழுபதுகளின் நடுவில், ஒரு ஜூலை மாதக் குளிரில், மெல்பேர்ணின் ஸ்பிரிங்வேலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், வீட்டுக்காரர் கராஜில் விட்டுப்போன பழைய ஹீட்டர்கள் எல்லாம் அறைக்கொன்றாக ஒரே நேரத்தில் சூடேறின. ஆளில்லாத அறையிலும் ஒன்று எரிந்தது. பழைய மணங்கள் மற்றவர்களுக்குக் கண்ணீரைக் கொண்டுவருமாம். எனக்கு இந்த மணம் கொண்டுவருவது வயிற்றெரிச்சலைத்தான்.

அத்தனையும் எரிந்தது ஒரு பிள்ளைக்காக. அவள் பெயர் ஹெதர், கனடாவிலிருந்து வந்தவள், அப்போது என்னைப் போலவே பதின்மூன்று வயதுச் சிறுமி. எங்கள் பள்ளிக்கும் கனடாவில் ஒரு சிறு நகரத்துப் பள்ளிக்கும் இடையில் மாணவர் பரிமாற்றம் ஒன்று ஏற்பாடாகியிருந்தது. அவர்களுடைய நீண்ட விடுமுறையில் அங்குள்ள பிள்ளைகள் சிலர் வந்து எங்கள் வீடுகளில் இரண்டு வாரம் தங்குவார்கள். வருட முடிவில் எங்களில் சிலர் அங்கே போவோம். சும்மா ஊர் பார்க்க அல்ல, சுற்றுச்சூழலைப் பற்றி அறிய. காலநிலை மாற்றம் என்ற சொல்லெல்லாம் அப்போது எங்கள் வாயில் வரவில்லை. பூமி குளிர்ந்துபோகும் என்று ஒருவரும் கொதித்துப்போகும் என்று இன்னொருவரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் எங்கள் புவியியல் ஆசிரியை மிஸ் ஹார்ட்லிக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. காரை விற்றுவிட்டு மழையிலும் நடந்தே பள்ளிக்கு வருகிற மனுசி அவர். மனிதர்கள் தங்கள் வீட்டுக்குள் எப்படி வாழ்கிறார்களோ அதுதான் வானத்துக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேருகிறது என்பார்.

ஆகவே அவர் ஒரு விதி வைத்தார். ஒவ்வொரு விருந்தாளியும் தான் தங்கும் வீட்டில் தண்ணீர், மின்சாரம், குப்பை மூன்றும் என்ன பாடுபடுகின்றன என்று கவனித்து, கடைசி நாளன்று பள்ளி மண்டபத்தில் பெற்றோருக்கு முன்னால் பேச வேண்டும். எந்த வீடு என்று பெயர் சொல்லக்கூடாது. அந்தப் பேச்சுகளைக் கேட்டுத்தான், குறைவாக வீணாக்கும் வீடுகளிலிருந்து கனடா போகும் பிள்ளைகளை மிஸ் ஹார்ட்லி தெரிவுசெய்வார். வீட்டில் விருந்தாளிக்காக எதையும் மாற்ற வேண்டாம், எப்போதும் போலவே இருங்கள் என்று அவர் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதைக் கேட்ட உடனேயே நான் கனடா போய் இறங்கிவிட்டேன். எனக்குப் பனி பார்க்க வேண்டும் என்று ஒரே ஆசை. எங்கள் வீட்டை வெல்ல அந்த வகுப்பில் ஒரு வீடும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் பூமியைக் காப்பதற்கென்று எதுவும் செய்ததில்லை; வீணாக்கத் தெரியாதவர்கள், அவ்வளவுதான். குளியலறையில் வெள்ளைத் தொட்டி இருந்தும் அதற்குள் ஒரு 'வாளி'யை வைத்து, தகரப் பேணியால் அள்ளித்தான் குளிப்போம். அரிசி கழுவிய தண்ணீர் பின்வளவுத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் போகும், மரக்கறித் தோல் அதே பாத்திக்குள் புதையும். 'பாண்' என்று நாங்கள் சொல்லும் ரொட்டி சுற்றிவரும் பிளாஸ்டிக் பைகளை அம்மா கழுவி, உடுப்புக் காயப்போடும் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். காற்றில் அவை உப்பிக்கொண்டு ஆடுவதைப் பார்த்து அயல்வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் சிரிப்பார். ஆளில்லாத அறையில் லைற் எரிந்தால் அப்பா "ஆர் அங்கை, பேயோ இருந்து படிக்குது?" என்று கத்துவார்.

அப்படிப்பட்ட அப்பாதான் விருந்தாளி வரப்போகிறாள் என்றதும் கராஜைத் திறந்து ஹீட்டர்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். நான் பதறிப்போனேன்.

"அப்பா, மிஸ் சொன்னவ, ஒண்டும் மாத்த வேண்டாமாம். எப்பவும் போல இருக்கட்டாம்."

அப்பா சிரித்தார். "அது மரியாதைக்குச் சொல்லுறது, பிள்ளை. எங்கட வீட்டுக்கு வாற ஆக்கள் 'ஒண்டும் வேண்டாம், இப்பதான் சாப்பிட்டனாங்கள்' எண்டு சொல்லுறேல்லையே? சொல்லிப்போட்டினம் எண்டு சும்மா விடுறனாங்களோ?"

இதுதான் நடந்தது. எங்கள் ஆட்களிடம் 'வேண்டாம்' என்று ஒரு விருந்தாளி சொன்னால், அது கேத்திலை அடுப்பில் வைக்கச் சொல்லும் உத்தரவு. இரண்டு தரம் 'வேண்டாம்' என்றால் பலகாரத் தட்டும் வர வேண்டும். மிஸ் ஹார்ட்லி எத்தனை தரம் 'மாற்ற வேண்டாம்' என்றாரோ அத்தனை மடங்கு உபசரிக்க வேண்டும் என்று அப்பா கணக்குப் போட்டார். பெரிய கம்பனியில் பொறியியலாளராக வேலை பார்த்த மனிதர். இங்கே சொன்னால் சொன்னதுதான் பொருள் என்பதை, இந்த நாட்டுக்கு வந்து இத்தனை காலத்தில் யாராவது அவருக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?

நான் அழாக்குறையாகக் கெஞ்சினேன். இருக்கிறபடி இருந்தால் எங்கள் வீடுதான் வெல்லும், நான் கனடா போகலாம் என்றேன். அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"கடல் கடந்து வாற பிள்ளையை வாளித் தண்ணியில குளிக்க வைச்சு நீ கனடா போகப் போறியோ? வெக்கமாயில்லையோ உனக்கு?"

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவும் சேர்ந்துகொண்டார். "தமிழ் ஆக்களின்ர வீட்டில குளிருக்க விட்டவை எண்டு அந்தப் பிள்ளை தன்ர தாயிட்டப் போய்ச் சொன்னால், எங்களைப் பற்றி அங்கை என்ன நினைப்பினம்?"

அந்த நாட்களில் ஸ்பிரிங்வேலில் தமிழ்க் குடும்பங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இலங்கை எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு வரைபடம் காட்டிக் களைத்த காலம். எங்கள் இனத்தின் மானம் முழுவதும் ஹெதரின் குளியல் தொட்டியில் மிதப்பதாக அவர்கள் இருவரும் நம்பினார்கள். வாளி, துணி துவைக்கும் அறையின் மூலைக்குப் போயிற்று. பாண் பைகள் கம்பியிலிருந்து இறங்கின. எங்கள் எவர்சில்வர் தட்டுகள் அலுமாரிக்குள் போக, கடதாசித் தட்டுகளும் பிளாஸ்டிக் குவளைகளும் வந்தன. சாப்பிட்டதும் எறிந்துவிடலாம், பிள்ளைக்கு வசதி என்று அம்மா பெருமையாகச் சொன்னார்.

ஹெதர் வந்தாள். கன்னமெல்லாம் புள்ளி புள்ளியாக, எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பிள்ளை. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துப்போயிற்று, அதுதான் கொடுமை. அம்மா அவளுக்குத் தொட்டி நிறையச் சுடுதண்ணீர் நிரப்பி, புதுத் 'துவாய்' ஒன்றை மடித்து அதன் விளிம்பில் வைப்பார். நடந்தே போகக்கூடிய பள்ளிக்கு அப்பா அவளைக் காரில் கொண்டுபோய் இறக்குவார். தகரத்தில் அடைத்த பீச் பழம், சோடா, முழுக்கோழி என்று எங்கள் வீட்டில் அதுவரை நுழையாததெல்லாம் நுழைந்தன. குப்பைத் தொட்டி மூடமுடியாமல் வாய்பிளந்து நின்றது. ஹெதர் எல்லாவற்றையும் பார்த்தாள், எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னாள்.

என் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் கீழே மெத்தை போட்டுப் படுத்தேன். பனியைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அவளைத் துளைத்தெடுத்தேன். அதிகக் குளிர் நாளில் பனியின் மேல் நடந்தால் சப்பாத்துக்குக் கீழே அது கிறீச்சிடுமாம். டிசெம்பரில் நீ எங்கள் வீட்டுக்குத்தான் வருவாய், என் அறையில்தான் படுப்பாய் என்றாள். அதைக் கேட்டபின் என்னால் பொறுக்க முடியவில்லை. இந்த ஹீட்டர்களும் கடதாசித் தட்டுகளும் என் பயணத்தில் மண் போடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க நான் என்ன மரமா?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பாவும் அம்மாவும் கடைக்குப் போயிருந்தார்கள். நான் ஹெதரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு துணி துவைக்கும் அறைக்குப் போனேன். வாளியைக் காட்டினேன், பேணியைக் காட்டினேன். அரிசித் தண்ணீர் போகும் பாத்தியையும் மடித்து வைத்திருந்த பாண் பைகளையும் காட்டினேன். இதுதான் எங்கள் வீடு, மற்றதெல்லாம் உனக்காகப் போட்ட வேஷம், உன்னை மதிப்பதாக நினைத்துச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலெல்லாம் விளக்கினேன். அவளுக்கு ஒரே ஆச்சரியம். தானும் அப்படிக் குளித்துப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து, வாளியை நிரப்பிக் குளித்தாள். உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ஈரத் தலையோடு வெளியே வந்ததும் நான் கேட்டேன்: மேடையில் இதைத்தான் சொல்லுவாய், இல்லையா? கட்டாயம் சொல்லுவேன் என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் நம்பினேன். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இருக்கவில்லையே.

கடைசி நாள் பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா மட்டும் வந்திருந்தார். ஊதாக் காஞ்சிபுரச் சேலைக்கு மேல் அப்பாவின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, செருப்புக்குள் காலுறையோடு, முன்வரிசைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எங்கட பிள்ளை கதைக்கப் போகுது என்று பக்கத்தில் இருந்தவரிடமும் சொல்லிவைத்திருந்தார். எங்கட பிள்ளை என்றது என்னை அல்ல, ஹெதரை.

ஹெதர் மேடையேறினாள். தான் ஒரு வீட்டில் தங்கியதாகத் தொடங்கினாள். அந்த வீட்டில் ஆளில்லாத அறையிலும் ஹீட்டர் எரியும் என்றாள். ஒரு பிள்ளை குளிக்கத் தொட்டி விளிம்புவரை சுடுதண்ணீர் நிரப்புவார்கள், ஒவ்வொரு வேளையும் தட்டுகளைக் குப்பையில் எறிவார்கள், எட்டி நடக்கக்கூடிய தூரத்துக்குக் கார் எடுப்பார்கள் என்றாள். சனம் உச்சுக்கொட்டியது. பெயர் சொல்லத்தான் இல்லை; அவள் யாருடைய காரில் வந்து இறங்குகிறாள் என்று தெரியாத பிள்ளை அந்தப் பள்ளியில் இருக்கவில்லை. என் வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. பொறு, இனித்தான் வாளி வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

வாளி வந்தது. இதையெல்லாம் பார்த்தபின் தான் யோசிக்கத் தொடங்கியதாக ஹெதர் சொன்னாள். தொட்டியை நிரப்பாமல் ஒரு வாளித் தண்ணீரில் குளித்தால் என்ன? தானே செய்து பார்த்தாளாம், முடியுமாம். அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் என்ன? பாண் பையைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் பாவித்தால் என்ன? ஒவ்வொன்றாக அடுக்கினாள். என் வாயிலிருந்து போன சொற்கள், நான் சொன்ன அதே ஒழுங்கில், அவளுடைய யோசனைகளாக வந்து விழுந்தன. மண்டபம் கைதட்டியது. எவ்வளவு புதுமையான சிந்தனை என்று மிஸ் ஹார்ட்லி அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டார். முன்வரிசையில் அம்மாவும் கை தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினார்.

வெளியே பைகள் வைக்கும் இடத்தில் ஹெதரை மறித்தேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். பெயர் சொல்லக்கூடாது என்பதுதானே விதி என்றாள். கண்ணால் கண்டதைச் சொல்லாமல் விட முடியுமா என்றாள். உன் அம்மா வெட்கப்பட்டு ஒளித்து வைத்ததை அவர் முன்னாலேயே எப்படிச் சொல்வது என்றும் கேட்டாள். ஒவ்வொன்றாகக் கேட்டால் நியாயம்போலத்தான் இருக்கும். சேர்த்துப் பார்த்தால் பச்சைத் துரோகம். அப்படியானால் அந்த யோசனைகள் எப்படி உன்னுடையவை ஆயின என்றேன். அவள் கன்னம் சிவந்தது. எல்லோருக்கும் பயன்பட்டால் போதாதா, யார் சொன்னால் என்ன என்று முணுமுணுத்துவிட்டு நழுவினாள்.

யார் சொன்னால் என்னவாம்! சொன்னவளுக்குக் கைதட்டு, செய்தவர்களுக்கு உச்சுக்கொட்டு.

கனடாவுக்கு என் வகுப்பிலிருந்து ஒரு பையன் போனான். அவன் வீட்டுப் பின்வளவில் நீச்சல்குளமே இருந்தது. ஆனால் விருந்தாளி தங்கிய இரண்டு வாரமும் அந்தக் குடும்பம் குளத்தை மூடி வைத்து, காரைத் தொடாமல், சைக்கிளிலேயே திரிந்ததாம். அவனே பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னான். மாற்ற வேண்டாம் என்றதை அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர்கள் இல்லாத சிக்கனத்தைக் காட்டினார்கள். நாங்கள் இருந்ததை ஒளித்தோம்.

ஹெதர் புறப்பட்ட நாள் அம்மா அவளுக்குப் பயற்றம் பணியாரம் சுட்டுப் பொதிகட்டிக் கொடுத்து, கன்னத்தில் கொஞ்சி அனுப்பினார். "வடிவாய்க் கதைச்சது பிள்ளை," என்று அப்பாவிடமும் சொன்னார். அம்மா ஆங்கிலம் நன்றாக வாசிப்பார். ஆனால் வெள்ளைக்காரர் பேசுவது காதில் ஏறுவதில்லை என்று அடிக்கடி சொல்வார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்ற ஒரே எண்ணத்தில் நான் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டேன். நான் வாய் திறந்தால் அவர் எவ்வளவு குறுகிப்போவார் என்று பயந்தேன். டிசெம்பர் வந்து போனது. நான் வீட்டில் இருந்தேன்.

இதெல்லாம் அப்படியே போயிருக்கும். ஆனால் பல வருடங்களுக்குப் பிறகு, மெல்பேர்ணிலேயே மல்கிரேவில் நானும் என் குடும்பமும் இருக்கும் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் வந்து, பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், ஒருத்தியை வீட்டில் வைத்திருக்கலாமா என்று கேட்டாள். அம்மா அப்போது எங்களோடுதான் இருந்தார். மேசையில் கறிக்குப் போஞ்சிக்காய் நுள்ளிக்கொண்டிருந்தவர் என்னை முந்திக்கொண்டு, "ஓம் எண்டு சொல்லு பிள்ளை, சந்தோசமாய் வரட்டும்," என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "வேண்டாம்! ஒருத்தரும் இந்த வீட்டுக்கு வரத் தேவையில்லை," என்று கத்திவிட்டேன். மகள் பயந்துபோய் அறைக்குள் போய்விட்டாள். அம்மா தலை நிமிராமல், "இன்னும் அந்தக் கனடாப் பிள்ளையையோ நினைச்சுக்கொண்டு இருக்கிறாய்?" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "உங்களுக்கு அண்டைக்கு விளங்கினதோ?"

"ஓம். ஏன் விளங்காமல்? மெதுவாய்த்தானே கதைச்சது. முழுக்க விளங்கினது."

"விளங்கியுமோ கை தட்டினனீங்கள்?"

"பின்னை? எங்கட வீட்டில சாப்பிட்ட பிள்ளையைச் சபையில வைச்சு, நீ சொல்லுறது பொய் எண்டு எழும்பி நிண்டு சொல்லச் சொல்லுறியோ?"

"அப்ப நான்? நான் ஆரின்ர வீட்டில சாப்பிட்டனான்?"

அம்மாவின் விரல்கள் நின்றன. நுள்ளிய போஞ்சியை ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறகு, "நீ என்ர பிள்ளை. நீ தாங்குவாய்," என்றார்.

நான் பின்வளவுக்குப் போய்விட்டேன். அதன் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அந்தப் பள்ளி இருந்த இடத்தில் இப்போது மாடிவீடுகள் வரிசையாக நிற்கின்றன; மண்டபம் எந்த மூலையில் இருந்தது என்றுகூட என்னால் சரியாகச் சொல்ல முடியாது. ஸ்பிரிங்வேல் வீட்டையும் இடித்துவிட்டார்கள். அப்பா போய்க் கன காலம். அம்மாவும் போன வருடம் போய்விட்டார். என் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இன்று கனடாவில்தான் இருக்கிறார்கள், பனியில் வழுக்கி விழுகிறோம் என்று போனில் புலம்புகிறார்கள், வா வா என்று கூப்பிடுகிறார்கள். நான் போகவில்லை. ஹெதரை நினைத்து அல்ல. அவள் வேற்றுப் பிள்ளை, வந்தாள், எடுத்தாள், போனாள். ஆனால் அந்த மண்டபத்தில் எனக்கென்று இருந்தது ஒரேயோர் ஆள். அந்த ஆளும் எல்லாம் விளங்கிக்கொண்டு அவளுக்குத்தான் கை தட்டினார். நான் தாங்கவில்லை, அம்மா. அன்றைக்குப் போஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த உங்களிடம் இதைச் சொல்லிச் சண்டை பிடித்திருக்க வேண்டும். இப்போது சண்டை பிடிப்பதற்கும் நீங்கள் இல்லை.